பாக்கெட்டில் மறந்த நூற்றறுபது

கிஸ்பெர்ட் வீகாண்ட் என் கடைக்கு டயர் மாட்டுகிற வேலைக்கு வந்தபோது அவனுக்கு இருபத்துநான்கு வயது. நான் சொல்லப்போவது நடந்த 2011 ஜூனில் ஐம்பத்தைந்து. நடுவில் அவன் மாறினது என்று சொன்னால் கண்ணாடி போட்டான், அவ்வளவுதான்.

கடை வட ஜெர்மனியில், சோல்டாவுக்குப் பக்கத்தில், ஹாம்பர்க் போகிற ஏழாம் நம்பர் ஆட்டோபான் நெடுஞ்சாலையிலிருந்து மூன்று கிலோமீட்டர். என் புருஷன் ஆரம்பித்தது. அவர் போன பிறகு நான் நடத்துகிறேன். மோட்டார் சைக்கிள் டயர் மட்டும்தான். கார்க்காரன் வந்தால் எதிர்க்கடைக்குக் கையைக் காட்டிவிடுவோம்.

கிஸ்பெர்ட் காலை ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வருவான். மதியம் ரெண்டு துண்டு ரொட்டி, ஈரல் சாசேஜ், ஒரு ஊறுகாய் வெள்ளரிக்காய். சனிக்கிழமை கடை மூடியதும் வீட்டுப் புல்லை வெட்டுவான். கல்யாணம் இல்லை. கேட்டால் “இல்ல” என்பான். ஏன் என்று கேட்டால் அதற்கும் “இல்ல” என்பான். இப்படி ஒரு கல்லுளிமங்கனை வைத்துக்கொண்டு கடை நடத்துகிறவளுக்கு ரத்தக் கொதிப்பு வராமல் என்ன செய்யும்?

ஆனால் டயர் விஷயத்தில் அவனை அசைக்க முடியாது. ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் எண்களுக்குப் பின்னால் ஒரு எழுத்து இருக்கும். அந்த டயர் எவ்வளவு வேகம் தாங்கும் என்று சொல்கிற எழுத்து. ஹெச் என்றால் மணிக்கு இருநூற்றுப்பத்து கிலோமீட்டர், வி என்றால் இருநூற்றுநாற்பது. வண்டியின் பதிவுப் புத்தகத்தில் அந்த வண்டி அதிகபட்சம் எவ்வளவு போகும் என்று போட்டிருப்பார்கள். எழுத்து அதைத் தாங்கவேண்டும். தாங்காத டயரை கிஸ்பெர்ட் மாட்டமாட்டான், துப்பாக்கியைக் காட்டினாலும் மாட்டமாட்டான். ஊரில் யாரையும் அவனுக்குப் பேர் சொல்லித் தெரியாது. “அந்த வி வந்திருக்கார்” என்பான். வந்து நிற்பது எங்கள் பாதிரியாராக இருக்கும்.

ஒருமுறை ஒரு கிழவர் வந்து மலிவான டயர் கேட்டார்.

“நான் எழுபதுக்கு மேல போறதே இல்லப்பா. எனக்கு எதுக்கு ஹெச்?”

“புத்தகத்துல நூத்தித்தொண்ணூத்தெட்டு போட்டிருக்கு.”

“புத்தகமா ஓட்டுது? நான்தானே ஓட்டுறேன்.”

“வண்டியை நாளைக்கு வித்துட்டா?”

“யோவ், நான் செத்தாதான் விப்பாங்க.”

“அப்ப வாங்குறவன் கதி?”

கிழவர் என்னைப் பார்த்தார். நான் பில் புத்தகத்தைப் பார்த்தேன். ஹெச்தான் மாட்டிக்கொண்டு போனார், போகிறபோது வாசல்வரை திட்டிக்கொண்டே போனார்.

இதில் சட்டம் ஒரே ஒரு சலுகை தருகிறது. சேற்றுக்கும் பனிக்கும் என்று கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர் இருக்கிறதே, அதற்கு க்யூ எழுத்து போதும். க்யூ என்றால் நூற்றறுபது. வண்டி இருநூறு போனாலும் பரவாயில்லை, மாட்டலாம். ஆனால் ஓட்டுகிறவர் கண்ணில் படுகிற இடத்தில் ‘160’ என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கவேண்டும். தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய ஸ்டிக்கர். கிஸ்பெர்ட் இந்த ஸ்டிக்கரைக் கடைசி வேலையாகத்தான் ஒட்டுவான். வேகமானிக்குப் பக்கத்தில் ஸ்பிரிட் போட்டுத் துடைப்பான், ஒட்டுவான், கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு முப்பதுவரை எண்ணுவான். அதோடு அவன் கடமை முடிந்தது. நூற்றறுபதுக்கு மேல் போகாதீர்கள் என்று அவன் வாயால் ஒருவரிடமும் சொன்னதில்லை. அதைச் சொல்லத்தான் ஸ்டிக்கர் இருக்கிறது என்பது அவன் கட்சி.

இனி ஹைட்ருனுக்கு வருகிறேன். ஹைட்ருன் எங்கள் ஊர் நீச்சல்குளத்தின் மேற்பார்வையாளர். ஐம்பத்துமூன்று வயது, விவாகரத்தானவள். குளத்தின் இந்தக் கரையிலிருந்து கூப்பிட்டால் அந்தக் கரையில் ஓடுகிற பையன் நின்றுவிடுவான், விசிலே வேண்டாம். நாலு வருஷமாக எங்களிடம்தான் டயர் போடுகிறாள். காற்று பார்க்க மாதம் ரெண்டு தடவை வருவாள். காற்றுப் பார்க்கும் கருவி அவளிடமே இருக்கிறது. நான்தான் விற்றேன். அவள் வந்தால் கிஸ்பெர்ட்டின் காது ரெண்டும் சிவந்துவிடும். நான் குருடி இல்லை.

“ஏன்யா, அந்தம்மாகிட்ட ஒரு காபி குடிக்கலாமான்னு கேக்குறதுல என்ன குறைஞ்சுடும்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“காபி இங்கயே இருக்கு.”

“வாயில என்ன கொழுக்கட்டையா? வெளிய கூட்டிட்டுப் போய்க் குடிக்கணும்யா!”

“அவங்க ஹெச் டயர்தான் போடுவாங்க. நல்ல டயர்,” என்றான். சம்பாஷணை முடிந்தது.

அந்த ஜூனில் ஹைட்ருன் மூன்று வாரம் லீவு எடுத்து ஐஸ்லாந்துக்குக் கிளம்பினாள். வண்டியோடு. பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. டென்மார்க்கின் வட முனையில், ஹிர்ட்ஸ்ஹால்ஸ் துறைமுகத்திலிருந்து சனிக்கிழமை கப்பல். வாரத்துக்கு ஒன்றுதான். பகல் மூன்று மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள். ஐஸ்லாந்தில் தார் ரோடு கொஞ்சம், சரளை நிறைய. அதனால் முதன்முறையாகப் பல்வைத்த டயர் கேட்டாள். டயர் வந்து சேர்ந்ததே வெள்ளிக்கிழமை சாயங்காலம். சனிக்கிழமை ஏழு மணிக்கு வண்டியைக் கொண்டுவந்தாள், ஏழே முக்காலுக்குக் கிளம்பிவிடலாம் என்ற நினைப்பில்.

கிஸ்பெர்ட் அதை முடித்தபோது மணி ஒன்பதே கால். மற்றவர்களுக்கு ஒருமுறை பார்க்கிற சக்கரச் சமநிலையை அவளுக்கு நாலுமுறை பார்த்தான். சக்கரத்தைக் கழற்றி மறுபடி மாட்டினான். ஹைட்ருன் கடைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“மார்கிட்டக்கா, இவரு டயர் மாட்டுறாரா, இல்ல ஆபரேஷன் பண்றாரா?”

“நீ வந்தா இப்படித்தான். நான் எதுவும் சொல்லலைம்மா,” என்றேன்.

கடைசியில் அவன் ஸ்பிரிட் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தான். அந்த நேரம் பார்த்து ஹைட்ருன் அவன் கன்னத்தில் கை வைத்து, “கிஸ்பெர்ட், நீங்க தங்கமான மனுஷன்,” என்று சொல்லிவிட்டாள். அவன் பாட்டிலோடு அப்படியே நின்றான். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, “ஹாம்பர்க் தாண்டிட்டா ஃப்ளென்ஸ்புர்க் எல்லை வரைக்கும் வேகக் கட்டுப்பாடே இல்ல, முறுக்கிப் பிடிச்சா போயிடலாம்!” என்று கத்திவிட்டுப் போய்விட்டாள்.

இருபத்தைந்து நிமிஷம் கழித்து கிஸ்பெர்ட் பென்சில் எடுக்கச் சட்டைப் பாக்கெட்டுக்குள் கைவிட்டான். பென்சிலோடு ஸ்டிக்கரும் வந்தது.

“மொதலாளிம்மா,” என்றான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

“நூத்தறுபதுக்கு மேல போகக்கூடாதுன்னு அவளுக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியாது.”

“நீ சொல்லலையா?”

“ஸ்டிக்கர் சொல்லும்.”

“உன் பாக்கெட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு எப்படிய்யா சொல்லும்?”

ஹைட்ருனுக்கு போன் போட்டேன். ஐந்து தடவை. வண்டியில் மாட்டிய மஞ்சள் பெட்டிக்குள் துணிமணிக்கு அடியில் எங்கேயோ அடித்துக்கொண்டிருந்திருக்கும். கிஸ்பெர்ட் தரையைப் பார்த்தபடி பேசினான். அவ்வளவு நீளமாக அவன் பேசி அதுவரை நான் கேட்டதில்லை.

“வெயில். லக்கேஜ் நாப்பது கிலோ. புது டயர். நூத்தித்தொண்ணூறுல அரை மணி நேரம் போனா பின்டயர் சூடேறி பல்லு கட்டை கட்டையா பிஞ்சு வரும். அப்புறம் வண்டியைப் பிடிக்க முடியாது. யாராலயும் முடியாது. அவங்க டென்மார்க்குக்குள்ள வேகமா போகமாட்டாங்க, அங்க அபராதம் ஜாஸ்தி. நேரத்தைப் பிடிக்கணும்னா ஹாம்பர்க்குக்கு அப்புறம் இருக்கிற ரோட்டுலதான் பிடிப்பாங்க.”

அந்த நேரம் ரேடியோவில் ஹாம்பர்க்கில் எல்பெ ஆற்றுச் சுரங்கப்பாதைக்கு முன்னால் ஒன்பது கிலோமீட்டர் நெரிசல் என்று சொன்னார்கள். ஒரு பாதையை மூடியிருக்கிறார்களாம். எல்பெ சுரங்க நெரிசலைக் கேட்டு நான் கடவுளுக்கு நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை.

“கெளம்பு. அவ நெரிசல்லதான் நிப்பா. சுரங்கத்தைத் தாண்டுறதுக்குள்ள பிடிக்கணும். நானும் வரேன்.”

“நீங்க எதுக்கு?”

“நீ அங்க போயும் ஸ்டிக்கரை ஒட்டிட்டு வாயைத் திறக்காம வந்துடுவ, அதுக்கு.”

என் புருஷனின் ஹெல்மெட்டை எடுத்து மாட்டினேன். கிஸ்பெர்ட் வண்டியை வெளியே தள்ளினான், நிறுத்தினான், என்னை மேலும் கீழும் பார்த்தான்.

“எடை எவ்வளவு?”

“என்னது?”

“பின்டயர் தாங்கணும்ல.”

ஓர் உயிர் ஊசலாடுகிறது, இவன் என் எடையைக் கேட்கிறான். சொன்னேன். எட்டு கிலோ குறைத்துச் சொன்னேன். அவன் காற்றுக்குழாயை எடுத்து, எட்டு கிலோவையும் சேர்த்துக் காற்று அடித்தான்.

ஆட்டோபானில் எவ்வளவு வேகம் போனோம் என்று எனக்குத் தெரியாது, கண்ணை மூடியிருந்தேன். திறந்தபோது நெரிசலின் வாலில் நின்றுகொண்டிருந்தோம், ஒரு கேரவன் வண்டிக்குப் பின்னால். மூன்று வரிசையிலும் கண்ணுக்கெட்டிய தூரம் கார். கிஸ்பெர்ட் எஞ்சினை அணைத்தான்.

“என்னய்யா நிக்கிற?”

“நெரிசல்.”

“அது எனக்கும் தெரியுது. நடுவுல சந்து இருக்குல்ல, போ!”

“வரிசைக்கு நடுவுல ஓட்டக்கூடாது. சட்டம்.”

“அவ முன்னாடி நிக்கிறாய்யா!”

“வரிசை நகரும்போது நாமளும் நகருவோம்.”

“அவளும்தானே நகருவா! நீ கணக்குல புலியாச்சே, ரெண்டு பேரும் சேர்ந்து நகந்தா எப்ப பிடிப்ப?”

முப்பத்தொரு வருஷத்தில் சிவப்பு விளக்கில் அரை அடி தாண்டாதவன். எங்கள் ஊரில் பொய் சொன்னால்கூட மன்னித்துவிடுவார்கள், வரிசையை மீறினால் மாட்டார்கள். முதுகில் ரெண்டு குத்து குத்தினேன். அதற்கும் அசையவில்லை. பக்கத்துக் காரில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. மூடியிருந்த பாதையைத் திறந்துவிட்டார்கள், சுரங்க வாசலில் வண்டிகள் நகர ஆரம்பித்துவிட்டன என்று அது சொன்னது. கிஸ்பெர்ட் அதைக் கேட்டான். எஞ்சினைப் போட்டான். கேரவனுக்கும் லாரிக்கும் நடுவில் விட்டான்.

மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர். அவன் வாழ்க்கையில் செய்த முதல் குற்றம் அந்த வேகத்தில்தான் நடந்தது. ஒவ்வொரு காரைத் தாண்டும்போதும் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி “மன்னிக்கணும்” என்றான். எல்லாக் காருக்கும் சொன்னான், ஆள் தூங்கிக்கொண்டிருந்த காருக்கும் சொன்னான்.

“ஹலோ! நாங்கல்லாம் இங்க பிக்னிக்கா வந்திருக்கோம்?” என்றார் ஒருவர்.

“வயசாச்சுல்ல ரெண்டு பேருக்கும், வெக்கமா இல்ல?” என்றாள் ஒருத்தி. அவளுக்கு என் வயதுதான் இருக்கும்.

“உன் பல்செட்டு பத்திரம்!” என்று நான் திருப்பிக் கொடுத்தேன்.

தொப்பி போட்ட ஒரு பெரியவர் கார்க்கதவைத் திறந்து வழியை மறித்தே விட்டார். கையில் நோட்டும் பேனாவும். “உங்க நம்பரை எழுதிட்டேன். போலீசுக்குத் தரப்போறேன்.”

கிஸ்பெர்ட் வண்டியை நிறுத்தினான். “எழுதிக்கோங்க. கடைசி எழுத்து ஜே. சிலபேர் ஐன்னு தப்பா எழுதிடுறாங்க,” என்றான். பெரியவர் திருத்திக்கொண்டார். “முன்னாடி ஒருத்தங்க போறாங்க. க்யூ டயர்ல. நூத்தித்தொண்ணூறு போகப்போறாங்க.”

பெரியவர் ஒரு கணம் அவனைப் பார்த்தார். “ஸ்டிக்கர் இல்லாமலா?”

“என் தப்பு.”

பெரியவர் கதவை மூடிக்கொண்டார். ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி, “போங்க, போங்க, சீக்கிரம்!” என்றார். நோட்டை மட்டும் கிழிக்கவில்லை.

சுரங்க வாசலுக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது ஹைட்ருனின் மஞ்சள் பெட்டிகள் தெரிந்தன. அவளும் சட்டத்தை மதிக்கிறவள், வரிசையில் நின்றிருந்தாள். எஞ்சினை அணைத்துவிட்டு, சீட்டில் திரும்பி உட்கார்ந்து அவித்த முட்டையை உரித்துக்கொண்டு, பக்கத்து லாரிக்காரனிடம் குளத்தில் குளோரின் எவ்வளவு போடுவார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தாள். முன்னால் நூறு மீட்டரில் கார்கள் ஒவ்வொன்றாக அசைந்துகொண்டிருந்தன.

“மார்கிட்டக்கா! என்ன, ரெண்டு பேரும் ஓடி வந்துட்டீங்களா?”

கிஸ்பெர்ட் இறங்கினான். ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தான், வேகமானிக்குப் பக்கத்தில் துடைத்தான், ஸ்டிக்கரை ஒட்டினான், கட்டைவிரலால் அழுத்தினான். எண்ண ஆரம்பித்தான். என்ன ஆள் இவன்! இருபத்தைந்து வரும்போது நான் அவன் விலாவில் இடித்தேன்.

“இதுக்கு மேல போகாதீங்க,” என்றான். “போனா டயர் பிஞ்சுடும். நீங்க செத்துடுவீங்க.”

ஹைட்ருன் ஸ்டிக்கரைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. “நூத்தறுபதுன்னா கப்பலைப் பிடிக்க முடியாது. பத்து வருஷம் காத்திருந்தேன், தெரியுமா? நீங்க ஏழே முக்காலுக்கு முடிச்சிருந்தா இப்ப நான் ஃப்ளென்ஸ்புர்க் தாண்டியிருப்பேன். அது போகட்டும், இதைக் கடையிலயே வாயால சொல்லியிருக்கலாமே! நாலு வருஷமா வரேன், காத்து சரியா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னதுண்டா? வாயே கிடையாதா உங்களுக்கு?”

முன்னால் இருந்த கார் நகர்ந்தது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

“இருக்கு,” என்றான் கிஸ்பெர்ட். “உங்ககிட்ட வாயைத் திறந்திருந்தா பேச்சு டயரோட நின்னிருக்காது.”

அதைச் சொல்லிவிட்டுப் பாட்டில் மூடியைத் திருகினான். ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. ஹைட்ருன் கையில் பாதி உரித்த முட்டையோடு அவனையே பார்த்தாள். லாரிக்காரன் எட்டிப் பார்த்தான். பின்னால் ஹாரன் விடாமல் அடித்தது. அவள் முட்டையை லாரிக்காரனிடம் கொடுத்தாள், ஹெல்மெட்டைப் போட்டாள், சுரங்கத்தைப் பார்த்துப் போய்விட்டாள்.

நாங்கள் கடைக்குத் திரும்பினோம். சனிக்கிழமை ஒரு மணிக்கு மூடவேண்டிய கடை. நான் மூடவில்லை, அவனும் புல்வெட்டப் போகவில்லை. ரெண்டாயிரம் வால்வு மூடிகளைக் கொட்டி அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தான். அவை முன்பே பிரித்து வைத்திருந்தவைதான். நான் ரேடியோவில் விபத்துச் செய்தி வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். சமாளித்துவிடுவாள் என்று அவனிடம் சொன்னேன், எனக்கே தைரியம் இல்லை.

மூன்றேகாலுக்கு போன் அடித்தது.

“அக்கா, அந்த மனுஷன் இருக்காரா?” குளத்து ஓரத்தில் ஓடுகிற பையனை நிறுத்துகிற அதே குரல். உயிரோடு இருக்கிறாள். போனை அவனிடம் நீட்டினேன்.

அவன் நின்றபடி கேட்டான். “ம்,” என்றான். “ஆமா.” “ஆறு நிமிஷம்.” “ஆமா, பிடிச்சிருப்பீங்க.” “ம்.” பிறகு வெகுநேரம் அவள்தான் பேசினாள். போனை வைத்தான்.

“என்னய்யா ஆச்சு?”

“கப்பல் போயிடுச்சு. ஆறு நிமிஷத்துல தவறவிட்டுட்டாங்க.”

“நூத்தித்தொண்ணூறு போயிருந்தா?”

“ஒன்பது நிமிஷம் மிச்சம் ஆயிருக்கும். அதையும் கேட்டாங்க. சொன்னேன்.”

“அட மடையா! அதைப் போய் சொல்லுவியா?”

“கேட்டாங்களே.”

“கோவமா இருக்காளா?”

“ரொம்ப. ஆனா வேகமானியைப் பார்த்துக்கிட்டேதான் போனாங்களாம். நூத்தறுபதைத் தாண்டவே இல்லையாம்.”

“திரும்பி வராளா?”

“இல்ல. அடுத்த சனிக்கிழமைக் கப்பல்ல போவாங்களாம். அதுவரைக்கும் அங்க கடற்கரையில கூடாரம் போட்டுத் தங்கப்போறாங்க.”

“வேற ஒண்ணும் சொல்லலையா?”

கிஸ்பெர்ட் குழாயடிக்குப் போனான். கையைக் கழுவினான், துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.

“டயரோட நிக்காதுன்னு சொன்னேன்ல. மீதி என்னன்னு நேர்ல வந்து சொல்லச் சொல்றாங்க.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, சந்தோஷத்தில்தான் அழுதேன். திங்கட்கிழமை லீவு வேண்டும் என்றான். முப்பத்தொரு வருஷத்தில் அவனாக வாய்விட்டு லீவு கேட்டது அதுதான் முதல் தடவை.

“திங்கட்கிழமை என்னய்யா திங்கட்கிழமை? ஒரு வாரம் எடுத்துக்கோ. இப்பவே கெளம்பு.”

அவன் ஜாக்கெட்டை எடுத்தான், ஒரு கையை மட்டும் மாட்டினான், அப்படியே நின்றான்.

“ஒரு வாரமா? மொதலாளிம்மா, ஒரு வாரம் நான் என்ன பேசுவேன்?”

நிஜமாகவே பயந்து போயிருந்தான்.